இலச்சினை வேறு, கையொப்பம் வேறு



உங்கள் குடும்பத்தில் யாராவது சொந்தமாகத் தொழில் செய்கிறார்களா? கைத்தறி, தையல், மசாலாத் தூள், கேக், கைவினைப் பொருள் என்று எதுவாகவும் இருக்கட்டும். அப்படியானால் இம்மாதம் இந்தப் பக்கத்தை அவர்களிடமும் ஒருமுறை கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வியாபார மின்னஞ்சலின் அடியில், பெயருக்குப் பக்கத்தில் நாம் வைக்கும் சின்னஞ்சிறு இலச்சினைப் படத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று சிரித்துவிடாதீர்கள். அந்தச் சின்னப் படம் எங்கள் குடும்பத்தில் இரண்டு மாத வேலையைக் கைநழுவ வைத்தது.

மருதமுனை என்றால் கைத்தறி என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த விடயம். அந்த ஊரில் என் காக்காவின் மகள் சில தறிகளை வைத்துக்கொண்டு சாரம், மேசை விரிப்பு, திரைச்சீலை என்று நெய்வித்து விற்கிறாள். அவளை நம்பி அயல்வீட்டுப் பெண்கள் மூவர் தறியில் அமர்கிறார்கள். சென்ற வருடம் தன் தொழிலுக்கு ஓர் இலச்சினை வேண்டுமென்று ஆசைப்பட்டாள். கணினியில் படம் வரையும் பையன் ஒருவன் பச்சை நிறத்தில், தறி நாடாவின் வடிவத்தில், அழகாகவே செய்து கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. இலச்சினை, அவளுடைய பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்து, விசிட்டிங் கார்ட் போல ஆக்கி, அவளுடைய மின்னஞ்சல்களின் அடியில் தானாக வந்து நிற்கும்படி செய்துவிட்டுப் போனான். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

தென்பகுதியிலுள்ள ஒரு ஹோட்டல் மேசை விரிப்புகளுக்கு விலை கேட்டது. மாதிரித் துணி அனுப்பினாள், பிடித்துவிட்டது. நூலுக்கும் சாயத்துக்கும் முற்பணம் கொடுத்துத் தயாராகிவிட்டாள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அந்த ஹோட்டலின் கொள்வனவு உத்தியோகத்தருக்கு ஒரேயொரு கேள்வி எழுந்தது. ஐந்து வாரம் என்று சொன்ன வேலையை மூன்று வாரத்தில் முடிக்க முடியுமா? மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன் பதில் வேண்டும். தொலைபேசியில் கேட்டுவிடலாம் என்று அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தார். அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு புள்ளடி. அவ்வளவுதான். பெயருமில்லை, இலக்கமுமில்லை.

அவர் மின்னஞ்சலிலேயே கேள்வியை எழுதி அனுப்பினார். இவளோ அன்று கல்யாண வீடொன்றில் நின்றாள். சனிக்கிழமைதான் பார்த்தாள். அதற்கிடையில் வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. திங்களன்று இவள் பேசியபோது, "உங்கள் நம்பரைத் தேடினோம், ஒரு வெற்றுப் பெட்டிதான் இருந்தது" என்று அவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு எனக்குப் பேசினாள்.

"சாச்சா, மெயில் போய்ச் சேர்ந்திருக்கு. என்ட நம்பர்தான் போய்ச் சேரல்ல."

"அதெப்படி மகள்? எனக்கு நீங்க அனுப்பின மெயில்ல எல்லாம் வடிவாத் தெரியுதே."

"எனக்கும் தெரியுது சாச்சா. அவங்களுக்குத்தான் தெரியல்ல."

வாசகர்களே, இந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மின்னஞ்சல் வேறு, பெறுபவரின் கண்ணுக்குத் தெரியும் மின்னஞ்சல் வேறு. அது ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம்.

எழுத்துக்காகப் பிறந்த வாகனம்

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியாகக் கடிதம் அனுப்பும் முறையை 1971இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் செய்து காட்டினார். விலாசத்தின் நடுவில் வரும் '@' குறியைத் தெரிவு செய்தவரும் அவரே. 1982இல் மின்னஞ்சலுக்கென வகுக்கப்பட்ட விதிகள் வெறும் ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் சுமப்பதற்கானவை. நம் தமிழ் எழுத்துக்குக்கூட அங்கே இடமிருக்கவில்லை. படத்துக்கு எங்கே இடம்?

1992இல்தான் நதானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்ற இருவர் படம், ஒலி, பிறமொழி எழுத்து ஆகியவற்றையும் கடிதத்தோடு அனுப்பும் முறையை வகுத்தார்கள். அவ்வருடம் மார்ச் 11ஆம் திகதி போரென்ஸ்டைன் அனுப்பிய செய்தியில், அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து பாடிய பாட்டும் அவர்களுடைய புகைப்படமும் இருந்தன. அந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணமுண்டு. மின்னஞ்சல் என்பது பிறவியிலேயே எழுத்துக்கான வாகனம். படம் பின்னால் வந்து ஏறிக்கொண்ட பயணி. பாதையில் நெரிசல் ஏற்பட்டால் முதலில் இறக்கிவிடப்படுவது அந்தப் பயணிதான்.

கையொப்பத்தில் இலச்சினையை வைப்பதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்தை உங்கள் இணையத்தளத்தில் வைத்துவிட்டு, மின்னஞ்சலில் அதன் முகவரியை மட்டும் எழுதுவது. பெறுபவர் கடிதத்தைத் திறக்கும்போது அவருடைய கணினி அங்கே போய்ப் படத்தை எடுத்து வரவேண்டும். ஆனால் குப்பை மின்னஞ்சல் அனுப்புவோர் இதே வழியைப் பயன்படுத்தி, "இன்னார் என் கடிதத்தைத் திறந்துவிட்டார்" என்று உளவறிகிறார்கள். ஆகவே பல மென்பொருள்கள் வெளியிலிருந்து வரும் படத்தைத் தடுத்துவிடுகின்றன. காரியாலயங்களில் அதிகம் பாவிக்கப்படும் அவுட்லுக் மென்பொருள் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இப்படிச் செய்கிறது. ஜீமெயில் அதற்கு மாறாக, 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சொந்தக் கணினிகளின் வழியாக எடுத்துக் காட்டிவிடுகிறது. என் கைத்தொலைபேசியில் தெரிந்த படம் அந்த ஹோட்டல் காரியாலயத்தில் தெரியாமல் போன இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

மற்ற வழி, படத்தைக் கடிதத்துக்குள்ளேயே வைத்துக் கட்டி அனுப்புவது. இதில் தடுக்கப்படும் வாய்ப்புக் குறைவு. ஆனால் சுமை கூடுகிறது. மின்னஞ்சலில் படம் எழுத்துக்களாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. அதாவது 300 கிலோபைட் படம் 400 கிலோபைட்டாகப் பருக்கிறது. "சரி, நன்றி" என்ற இரண்டு சொல்லை அனுப்பினாலும் அந்தச் சுமையும் கூடவே போகும். சில மென்பொருள்கள் இதைத் தனி இணைப்பாகவும் காட்டும். விலைப்பட்டியலைத் தேடும் கணக்காளர் 'இமேஜ் 001' என்ற பெயருள்ளதைத் திறந்து பார்த்தால் உங்கள் இலச்சினை. அடுத்ததைத் திறந்தால் அதுவும் உங்கள் இலச்சினை. அவருடைய மனநிலையை எண்ணிப் பாருங்கள்!

இன்னுமொன்று. இப்போது பலர் கைத்தொலைபேசியின் திரையைக் கறுப்பாக வைத்துக்கொள்கிறார்கள். பின்னணி இல்லாத இலச்சினையில் கறுப்பு எழுத்து இருந்தால், கறுப்பில் கறுப்பு கலந்து மறைந்துவிடும். கண்பார்வை இழந்த சகோதரர்களுக்குக் கணினி கடிதத்தை வாசித்துக் காட்டுகிறது. படமாக்கப்பட்ட இலக்கத்தை நம்பி அதை வாசித்துக் காட்டும்படி அந்தக் கணினியிடம் கேட்க முடியாது.

வாப்பாவின் மூட்டை

இதையெல்லாம் காக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் வாப்பாவின் ஞாபகத்தை எடுத்தார். வெளியூர்க் கடைகளுக்குச் சாரத்து மூட்டை அனுப்பும்போது, வாப்பா சாக்கின் மேல் மையால் தன் அடையாளத்தைப் போடுவார். பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதுவார். அத்தோடு விடமாட்டார். அதே விபரத்தை ஒரு துண்டில் எழுதி மூட்டைக்குள்ளும் வைப்பார். "மழை பட்டா அடையாளம் கரையும். உள்ளுக்குள்ள இருக்கிற துண்டு பேசும்" என்பார். படிப்பு அதிகமில்லாத மனிதர். இன்றைய மின்னஞ்சலுக்கும் அதைவிட நல்ல விதியை என்னால் சொல்ல முடியவில்லை.

இலச்சினை சாட்சியாகாது

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். அதுதான் அதிக ஆபத்தானது. நம்முடைய இலச்சினை போய்ச் சேராவிட்டால் ஒரு வேலை போகலாம். பிறருடைய இலச்சினையை நாம் நம்பிவிட்டால், சேமித்த பணமே போகலாம்.

ஒரு மின்னஞ்சலில் இருக்கும் இலச்சினையைப் பிரதியெடுக்க அரை நிமிடம் போதும். அதற்குப் பெரிய கணினி அறிவு எதுவும் தேவையில்லை. லித்துவேனிய நாட்டவர் ஒருவர் 2013 முதல் 2015 வரை, தாய்வானிலுள்ள ஒரு கணினி உற்பத்தி நிறுவனத்தின் பெயரில் போலி விலைப்பட்டியல்களும் போலி மின்னஞ்சல்களும் அனுப்பினார். போலிக் கடிதங்களும், நிறுவன முத்திரை பதித்த போலி ஒப்பந்தங்களும் தயாரித்தார். ஏமாந்தவர்கள் யார் தெரியுமா? கூகுளும் ஃபேஸ்புக்கும்! போன பணம் 12 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். 2019 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது. உலகத்துக்கே மின்னஞ்சல் கற்றுக் கொடுக்கும் நிறுவனங்கள் முத்திரையைப் பார்த்து ஏமாந்தன என்றால், நானும் நீங்களும் எம்மாத்திரம்?

இது அபூர்வமான சம்பவமுமல்ல. வியாபார மின்னஞ்சல் மோசடியால் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 290 கோடி டொலர் இழக்கப்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனத்துக்கு முறைப்பாடுகள் கிடைத்தன. இந்த மோசடியின் வழக்கமான முகம் ஒன்றுதான்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்." கடிதத்தின் அடியில் உங்களுக்குப் பழக்கமான அதே பெயர், அதே பதவி, அதே இலச்சினை. கணக்கிலக்கம் மட்டும் கள்வனுடையது.

ஆகவே வீட்டிலும் கடையிலும் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிலக்கம் மாறியதாக மின்னஞ்சல் வந்தால், பணத்தைக் கட்டுமுன் தொலைபேசியில் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் இலக்கத்துக்குப் பேசாதீர்கள். அது கள்வனுடைய இலக்கமாக இருக்கலாம். உங்களிடம் முன்பே இருக்கும் பழைய இலக்கத்துக்குப் பேசுங்கள். அனுப்பியவரின் மின்னஞ்சல் விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரேயொரு எழுத்து மட்டும் மாறியிருக்கலாம். உங்கள் கையொப்பத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: "எமது வங்கிக் கணக்கு மாறினால் நேரில் அல்லது தொலைபேசியில் அறிவிப்போம், மின்னஞ்சலை மட்டும் நம்பிப் பணம் அனுப்பவேண்டாம்." வாடிக்கையாளர் மனதில் இந்த ஒரு வரி தருகின்ற நம்பிக்கை, பத்து நிற இலச்சினை தருவதைவிட அதிகம்.

சிலர் தம் கையெழுத்தை ஸ்கேன் செய்து, இலச்சினைக்குப் பக்கத்தில் படமாக வைக்கிறார்கள். தயவுசெய்து அதை இன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் காசோலையில் இடும் ஒப்பமும் அதுவேயல்லவா? ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அதன் பிரதியைப் பகிர்ந்தளிப்பது எந்த வகையில் புத்திசாலித்தனம்?

சட்டம் கேட்பதும் எழுத்தைத்தான்

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணம் செல்லாததாகிவிடாது. ஆகவே மின்னஞ்சலில் நீங்கள் எழுதும் விலையும் திகதியும் விளையாட்டல்ல. உங்கள் தொழில் கம்பனியாகப் பதியப்பட்டிருந்தால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வியாபாரக் கடிதங்களிலும் விலைப்பட்டியல்களிலும் கம்பனியின் பெயரையும் பதிவிலக்கத்தையும் தெளிவாகக் குறிப்பிடச் சொல்கிறது. பிரித்தானியாவில் 2007 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலிலும் இத்தகைய விபரங்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து வரும் மின்னஞ்சல்களின் அடியில் பொடி எழுத்தில் பதிவிலக்கம் இருப்பது அதனால்தான். இலச்சினை இல்லாத கடிதத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். பெயரும் இலக்கமும் தெளிவாயில்லாத கடிதத்தைச் சொல்வார்கள்.

பிறருடைய இலச்சினையைக் கையொப்பத்தில் ஒட்டிக்கொள்வதிலும் கவனம் வேண்டும். தேயிலைப் பொதிகளில் காணும் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டவற்றுக்கே அது அனுமதிக்கப்படுகிறது. தேயிலை விற்கிறோம் என்பதற்காக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் சொந்த இலச்சினையைக் காப்பாற்ற விரும்பினால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதியலாம். பதிவு பத்து வருடத்துக்கு, பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எப்படி அமைப்பது?

இலச்சினையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகு கெட்டதல்ல, கடைக்குப் பெயர்ப்பலகை போல அதற்கும் ஒரு வேலையுண்டு. ஆனால் அது எழுத்துக்குத் துணையாக நிற்கட்டும், எழுத்தின் இடத்தைப் பிடிக்கவேண்டாம்.

முதலில் எழுத்து. உங்கள் பெயர், தொழிலின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தட்டெழுத்தாகவே எழுதுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் இலக்கத்தின் முதல் பூச்சியத்தை நீக்கி முன்னால் +94 சேர்க்கவும். இணையத்தில் நடந்துகொள்ளும் ஒழுங்கு பற்றி 1995இல் வெளியான ஒரு வழிகாட்டி, கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்றது. அந்தப் புத்திமதி இன்னும் பழசாகவில்லை.

அதன்பின் இலச்சினை. ஒன்று போதும். வட்ஸ்அப், ஃபேஸ்புக், பரிசு பெற்ற சின்னம் என்று வரிசையாக அடுக்கவேண்டாம். இலச்சினைக்குப் பி.என்.ஜி. வகைப் படம் ஏற்றது. எஸ்.வி.ஜி. வகையை ஜீமெயில் போன்றவை காட்டுவதில்லை. திரையில் 120 பிக்சல் அகலத்தில் தெரிய வேண்டுமென்றால், படத்தை 240 பிக்சலில் செய்து, காட்டும் அகலம் 120 என்று குறித்து வையுங்கள்; நல்ல திரையிலும் மங்காது. எடை 20 கிலோபைட்டுக்குள் அடங்கினால் நன்று. கறுப்பு எழுத்தாயின் சுற்றிலும் வெள்ளைப் பின்னணி வைக்கச் சொல்லுங்கள். படம் வராதபோது அதன் இடத்தில் தோன்றும் மாற்று எழுத்து ஒன்று உண்டு. அங்கே உங்கள் தொழிலின் பெயரை எழுதிவிடுங்கள்.

பதில் கடிதங்களுக்குப் படமில்லாத சிறிய கையொப்பம் போதும். புதிய கடிதத்துக்கு ஒன்று, பதிலுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ள அவுட்லுக்கிலும் ஜீமெயிலிலும் வசதியுண்டு.

கடைசியாக ஒரு பரீட்சை. ஜீமெயிலின் அமைப்புகளில், வெளிப் படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி செய்யும் வசதி இருக்கிறது. அதைத் தெரிவுசெய்துவிட்டு, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரியாலயத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி, "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். படம் இல்லாத நிலையில், முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்களோடு பேச முடியுமா? முடியுமென்றால் சரி.

எங்கள் மகள் தன் கையொப்பத்தை இப்படித்தான் மாற்றிக்கொண்டாள். நான்கு வரி எழுத்து. அதன் கீழே ஓரமாகச் சின்னப் பச்சை நாடா. போன வேலை திரும்பி வரவில்லை. அதற்காக வாங்கிய நூலில் ஒரு பகுதி இன்னும் அவளுடைய அலுமாரியில் இருக்கிறது. அந்த மூன்று பெண்களும் இரண்டு மாதம் குறைந்த கூலிக்குச் சில்லறை வேலை செய்தார்கள். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம், "சாச்சா, இந்த நூலப் பார்த்தா அந்த வெள்ளப் பெட்டிதான் ஞாபகம் வருது" என்கிறாள்.

வாசகர்களே, இன்றிரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பரீட்சையைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படியொரு நூல் மிஞ்சவேண்டாம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.